முப்பது நாளில் நலம், பத்தாயிரம் மணியில் சாம்பியன்!

கொஞ்சம் காரமான பதிவு இது. பிபி இருக்கிற அன்பர்கள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படிக்கவும் :-)

புனேயில் நம்ம ஆட்கள் வீட்டுக்குப் போனால் நான் முதலில் நோட்டம் விடுவது புத்தக அலமாரியைத்தான். வாகட், பாணேர், பிம்ப்ளே சவுதாகர், மகர்பட்டா என்று எந்தப் பக்கம் போனாலும் அலமாரி ஒரே மாதிரிதான் இருக்கிறது. மேல் தட்டில் ஊரிலிருந்து வரும்போது கொண்டுவந்த பொன்னியின் செல்வன், ஒரு திருக்குறள். அதற்குக் கீழே மூன்று வகைப் புத்தகங்கள். உடம்பையும் மனசையும் நன்றாக வைத்துக்கொள்வது எப்படி என்று ஒரு வகை. பிள்ளை வளர்ப்பது எப்படி, குடும்பம் நடத்துவது எப்படி என்று இன்னொரு வகை. விளையாட்டு வீரர்களின் வாழ்க்கையும் அதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடங்களும் மூன்றாவது வகை. பாதி ஆங்கிலம், மீதி தமிழ் மொழிபெயர்ப்பு.

நான் சொல்ல வருவது இதுதான். இந்த மூன்று வகையிலும் பெரும்பாலானவை ஒரே பொய்யைச் சொல்கின்றன. "எல்லாம் உன் கையில், உன் மனசில்." ஆள் துணை, இடம், நேரம், காசு, அதிர்ஷ்டம், அக்கம்பக்கம் எல்லாவற்றையும் ரப்பர் போட்டு அழித்துவிட்டு ஒற்றை மனிதனை நடுவில் நிறுத்துகின்றன. அவன் ஜெயித்தால் புத்தகத்துக்குப் பெயர். தோற்றால் அவன் சரியாகப் படிக்கவில்லை. ஊரை விட்டு வந்து, கூப்பிட்ட குரலுக்கு ஆள் இல்லாமல் குடித்தனம் நடத்தும் நம்மைப் போன்றவர்கள் வீட்டில் இந்தப் பொய் செய்கிற சேதம் அதிகம். அடி வாங்குவது பிள்ளைகளும் வீட்டுப் பெண்களும்.

பாட்டி இல்லாத வீடு

நாம் ஏன் இவற்றை வாங்குகிறோம்? பாட்டி பக்கத்தில் இல்லை, அதனால் வாங்குகிறோம். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை வீல் வீலென்று அழுதால் ஊரில் என்றால் பக்கத்து வீட்டு அத்தை எழுந்து வருவார். தொட்டுப் பார்ப்பார். "தோள்ல போட்டுத் தட்டும்மா, சரியாப் போயிடும்" என்பார். இங்கே ஒன்பதாவது மாடியில் யாரைக் கேட்பது? எதிர் வீட்டுக் கதவு மூடியே இருக்கிறது. ஆகவே புத்தகம்.

பாட்டிகள் சொன்னதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்லவில்லை. நிறையத் தப்பும் சொன்னார்கள். ஆனால் பாட்டிகளிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. நாம் கேட்கிற கேள்விகளில் பாதிக்கு அவர்கள் பதில் "ஒண்ணும் செய்யாதே, சும்மா விடு" என்பதுதான். இந்த ஒரு அறிவுரையை எந்தப் புத்தகமும் சொல்லாது. சொன்னால் முதல் பக்கத்திலேயே புத்தகம் முடிந்துவிடும். மீதி 240 பக்கத்துக்கு எப்படிக் காசு வாங்குவது?

இது ஒன்றும் புது வியாபாரமும் இல்லை. தமிழில் அப்துற்-றஹீம் எழுதியிருக்கிறார், தமிழ்வாணன் எழுதியிருக்கிறார். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து மக்கள் சக்தி இயக்கம் நடத்திய எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' படிக்காத வேலை தேடும் இளைஞன் ஒரு காலத்தில் கம்மி. அப்புறம் 2004-ல் கிழக்கு பதிப்பகம் வந்தது. கிரிக்இன்ஃபோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பத்ரி சேஷாத்ரி ஆரம்பித்தது. உடல்நலத்துக்கென்றே 'நலம்' என்று தனிப் பிரிவு வைத்தார்கள். சோம. வள்ளியப்பனின் 'இட்லியாக இருங்கள்' போன்ற புத்தகங்கள் பெட்டிக்கடை வரைக்கும் போயின.

அந்தப் பழைய புத்தகங்களை நான் குறை சொல்ல மாட்டேன். "உன்னால் முடியாது, உன் குடும்பத்தில் எவன் படிச்சான்?" என்று கேட்டே வளர்ந்த பையனிடம் "உன்னால் முடியும்" என்று சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. அது மருந்து. ஆனால் அதே மருந்தை இன்றைக்கு யாருக்குக் கொடுக்கிறோம்? காலை ஏழரைக்கு ஹிஞ்சவாடி டிராபிக்கில் நிற்க ஆரம்பித்து, ராத்திரி அமெரிக்காக்காரனோடு கால் பேசி முடித்து, பதினோரு மணிக்குச் சாப்பிடுகிறவனுக்கு. ஏற்கெனவே மூச்சு வாங்க ஓடுகிறவனிடம் "இன்னும் வேகமா ஓடு, உன்னால் முடியும்" என்று சொன்னால் அதற்குப் பெயர் ஊக்கம் இல்லை சாமி.

21 நாள் புருடா

எங்கள் சொசைட்டியின் வாட்ஸப் குழுவில் வருஷத்துக்கு நாலு தடவையாவது "21 நாள் சவால்" வரும். 21 நாள் சர்க்கரை இல்லாமல், 21 நாள் அஞ்சு மணிக்கு எழுந்து, 21 நாள் நன்றிக் குறிப்பு எழுதி. இருபத்தோரு நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடுமாம்.

இந்த 21 எங்கே இருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று நியூயார்க்கில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். 1960-ல் 'சைக்கோ சைபர்னெடிக்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். மூக்கையோ முகத்தையோ மாற்றிக்கொண்டவர்களுக்குப் புது முகம் பழக, குறைந்தது ஏறக்குறைய 21 நாள் ஆகிறது என்பது அவர் கவனித்த விஷயம். பின்னால் வந்தவர்கள் 'குறைந்தது' என்பதையும் 'ஏறக்குறைய' என்பதையும் கழற்றிவிட்டு 21-ஐ மட்டும் வைத்துக்கொண்டார்கள். மூக்கு ஆபரேஷன் கணக்கு, நம் வீட்டுச் சர்க்கரை டப்பாவுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் உடன் இருந்தவர்களும் 96 பேரை வைத்து இதை நிஜமாகவே அளந்து பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள். ஒரு பழக்கம் தானாக வர ஆன நாள் சராசரியாக 66. ஆளுக்கு ஆள் வித்தியாசம் 18 முதல் 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும் பெரிய நஷ்டம் இல்லை என்றும் பார்த்தார்கள். இருபத்தியிரண்டாம் நாள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு "எனக்கு வில் பவரே இல்லை" என்று அழுகிறவர்களிடம் இதை யாராவது சொன்னார்களா?

இப்போது இந்த ஊரிலேயே எழுதப்பட்ட ஒரு புத்தகத்தைப் பார்ப்போம். பி.கே.எஸ். ஐயங்கார் 1918-ல் கர்நாடகத்தில் கோலார் பக்கம் பெள்ளூரில் பிறந்தவர். இன்ஃப்ளூயன்சா உலகத்தையே உலுக்கிய வருஷம். சின்ன வயது முழுக்க நோய், நோஞ்சான் உடம்பு. 1937-ல், பதினெட்டு வயதில், அவருடைய குரு கிருஷ்ணமாச்சார்யா அவரைப் புனேக்கு அனுப்பினார். டெக்கான் ஜிம்கானாவில் யோகா சொல்லிக்கொடுக்கிற வேலை. ஊர் தெரியாது, மராத்தி தெரியாது. ஆக, நம்மைப் போலவே பிழைக்க வந்த ஆள்தான்.

அவருடைய 'லைட் ஆன் யோகா' 1966-ல் வந்தது. உலகம் முழுக்கப் போன புத்தகம். அதில் எனக்குப் பிடித்த விஷயங்கள் இரண்டு. ஒன்று, ஒவ்வொரு ஆசனத்துக்கும் அது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு எண் போட்டிருப்பார், ஒன்றிலிருந்து அறுபது வரை. இரண்டு, கடைசியில் ஒரு பயிற்சித் திட்டம் கொடுத்திருப்பார். எத்தனை நாள் திட்டம்? முன்னூறு வாரம்! கிட்டத்தட்ட ஆறு வருஷம். "30 நாளில் யோகா" போட்டு விற்கிறவர்கள் இதை ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கயிறு, பெல்ட், நாற்காலி, மரக்கட்டை என்று துணைப் பொருட்களை வைத்துக்கொண்டு ஆசனம் செய்யும் முறையை வளர்த்தவர் அவர். முட்டி மடங்காதவருக்கும் வயசானவருக்கும் முடியவேண்டும் என்பதற்காக. அதாவது உடம்பு வரவில்லை என்றால் உடம்பைத் திட்டக்கூடாது, நாற்காலியைக் கொண்டுவந்து போட வேண்டும். மாடல் காலனியில் மனைவி ரமாமணி நினைவாக 1975-ல் அவர் திறந்த நிலையம் இன்னும் நடக்கிறது. புத்தகமும் இருக்கிறது, கூடவே பக்கத்தில் நின்று கையைத் திருத்தும் ஆசிரியரும் இருக்கிறார். புத்தகம் மட்டும் போதும் என்று அவர் கடையை மூடிவிடவில்லை.

"அங்கிள், இன்னும் 8,600 இருக்கு"

அடுத்து விளையாட்டு. இங்கேதான் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது.

2008-ல் மால்கம் கிளாட்வெல்லின் 'அவுட்லயர்ஸ்' வந்தது. பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் எந்தத் துறையிலும் கரை கண்டுவிடலாம் என்று உலகமே அதிலிருந்து எடுத்துக்கொண்டது. எனக்குத் தெரிந்த ஒரு கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனுஷன், நல்ல வேலைக்காரர். பையனுக்குப் பதினோரு வயது. பேட்மின்டன். அப்பா எக்ஸெல் போட்டார். தினம் மூணு மணி நேரம் என்றால் பத்தாயிரத்துக்கு ஒன்பது வருஷம், இருபது வயதில் சாம்பியன். காலை அஞ்சு மணிக்குக் கோச்சிங், சாயங்காலம் மறுபடி. மணி நேரம் ஒவ்வொன்றும் எக்ஸெல்லில் ஏறும்.

லிஃப்டில் அந்தப் பையனைப் பார்த்து "எப்படிடா போகுது பேட்மின்டன்?" என்று கேட்டேன். "இன்னும் எட்டாயிரத்து அறுநூறு இருக்கு அங்கிள்" என்றான்.

ஜெயிலில் நாள் எண்ணுகிறவன் மாதிரி. எனக்குப் பேச்சே வரவில்லை. சில மாசத்தில் கால் எலும்பில் வலி, டாக்டர் ஓய்வு என்றார். வலி போன பிறகும் பையன் ராக்கெட்டைத் தொட மாட்டேன் என்றுவிட்டான். "ஏங்க, இவனுக்கு மன உறுதி பத்தலைங்க" என்று அப்பா என்னிடம் வருத்தப்பட்டார். அடுத்து மன உறுதி பற்றி ஒரு புத்தகம் வாங்கப் போகிறாராம்!

சரி, அந்தப் பத்தாயிரம் எங்கே இருந்து வந்தது? ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியல் பேராசிரியரும் இன்னும் இரண்டு பேரும் 1993-ல் வெளியிட்ட ஆய்வு. மேற்கு பெர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்கள். மிகத் திறமையான பிரிவில் பத்துப் பேர். இருபது வயதில் அவர்கள் செய்திருந்த பயிற்சியின் சராசரிதான் பத்தாயிரம் சொச்சம். சராசரி என்றால் என்ன அர்த்தம்? அந்தப் பத்துப் பேரில் பாதிப் பேர் அதைத் தொடவே இல்லை. இதை எரிக்சனே 2016-ல் 'பீக்' என்ற புத்தகத்தில் எழுதி, கிளாட்வெல் தன் ஆய்வைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று சொன்னார். எத்தனை மணி என்பதை விட, எப்படிப்பட்ட ஆசிரியர், என்ன மாதிரிப் பயிற்சி என்பதுதான் முக்கியம் என்றார்.

அந்த ஆய்விலேயே இன்னொரு தகவல் உண்டு. திறமையான மாணவர்கள் மற்றவர்களை விட அதிகம் தூங்கினார்கள். மதியம் ஒரு குட்டித் தூக்கமும் போட்டார்கள். ஆக, மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை கடையைச் சாத்திவிட்டுத் தூங்குவதாக நாம் கிண்டல் அடிக்கும் புனேக்காரர்கள்தான் விஞ்ஞானப்படி நடப்பவர்கள் போல :-) ஆனால் எந்த அப்பாவும் எக்ஸெல்லில் தூக்கத்துக்கு ஒரு காலம் போடவில்லை. ஏனென்றால் புத்தக அட்டையில் பத்தாயிரம்தான் இருந்தது, தூக்கம் இல்லை.

கட்கியில் ஒரு தமிழ்க் குடும்பம்

வாகடிலிருந்து கட்கி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ராணுவத் தொழிற்சாலைகள் இருக்கும் இடம். நமக்கு முன்னால், கம்ப்யூட்டர் என்ற வார்த்தையே இல்லாத காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் அங்கே உண்டு. அப்படி ஒரு குடும்பத்தில் 1968-ல் பிறந்தவர் தன்ராஜ் பிள்ளை. அப்பா நாகலிங்கம், அம்மா ஆண்டாளம்மா. அப்பா மைதானம் பராமரிக்கும் வேலை பார்த்தார். தொழிற்சாலைக் குடியிருப்பில் வீடு. கஷ்ட ஜீவனம்.

அந்த மைதானத்தில் உடைந்த ஹாக்கி மட்டையையும் தூக்கிப்போட்ட பந்தையும் வைத்து அண்ணன் தம்பிகள் ஆடினார்கள். அஞ்சு பையன்களையும் "போய் ஆடுங்கடா" என்று விட்டது அம்மா. மூத்தவர் ரமேஷ் ஆட்டத்தில் தேறி, பம்பாயில் ஆர்.சி.எஃப். கம்பெனி அணிக்குப் போனார். எண்பதுகளின் நடுவில் தம்பியும் அண்ணன் பின்னாலேயே பம்பாய் போனார். மஹிந்திரா அணியில் இடம் கிடைத்தது. அங்கே கார்வாலோ என்ற நல்ல பயிற்சியாளர் கிடைத்தார். 1989-ல் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கி 2004 வரை ஆடினார். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகள். 1998-ல் பாங்காக்கில் அவர் தலைமையில்தான் இந்தியா 32 வருஷத்துக்குப் பிறகு ஆசிய விளையாட்டில் ஹாக்கித் தங்கம் வாங்கியது.

அவரைப் பற்றி சந்தீப் மிஸ்ரா எழுதிய புத்தகம் 2007-ல் வந்தது. 'ஃபர்கிவ் மீ அம்மா' என்று பெயர். அட்டையிலேயே நம்ம 'அம்மா' இருக்கிறது! புனேயில் இருக்கும் எத்தனை தமிழ் வீட்டு அலமாரியில் அது இருக்கிறது? நான் பார்த்த வரை ஒன்றில்கூட இல்லை. டெண்டுல்கர் உண்டு, தோனி உண்டு, அமெரிக்கக் கூடைப்பந்துக்காரர்கள்கூட உண்டு. பத்துக் கிலோமீட்டரில், நம்மைப் போலப் பிழைக்க வந்த வீட்டில், நம் மொழி பேசி வளர்ந்த ஒருவர் இல்லை.

ஏன் தெரியுமா? அந்த வாழ்க்கையை வைத்து "ஜெயிக்க அஞ்சு வழிகள்" எழுத முடியாது. நாலு ஒலிம்பிக் ஆடியும் ஒரு பதக்கம் கிடையாது. 2000-ல் சிட்னியில் போலந்தோடு கடைசி நிமிஷங்களில் ஒரு கோல் வாங்கி டிரா ஆனது, அரையிறுதி போச்சு. 1998 தங்கம் வாங்கித் திரும்பிய கொஞ்ச நாளிலேயே 'ஓய்வு' என்று சொல்லி அணியிலிருந்து கழற்றிவிடப்பட்ட மூத்த ஆட்டக்காரர்களில் அவரும் ஒருவர். உழைப்பு இருந்தது, திறமை இருந்தது, வெறி இருந்தது. அப்படியும் கிடைக்காதது கிடைக்கவில்லை. "மனம் வைத்தால் எதுவும் முடியும்" என்று சொல்லும் புத்தகங்களுக்கு இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியாது. ஆனால் அவர் தோற்றவர் என்று சொல்ல உங்களுக்கு நாக்கு வருமா? எனக்கு வராது.

அவரை உருவாக்கியதில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மைதானம். கூட ஆட நாலு சகோதரர்கள், காலனிப் பையன்கள். முன்னால் போய் வழி காட்டிய ஒரு அண்ணன். ஆட்டக்காரர்களுக்கு இடம் கொடுத்த கம்பெனிகள். "எத்தனை மணி ஆடினே?" என்று கணக்குக் கேட்காத ஒரு அம்மா. இதில் எது நம் பையனுக்கு இருக்கிறது? இது எதையும் கொடுக்காமல் வெறும் மன உறுதியை மட்டும் கேட்கிறோம்.

விளையாட்டுக்காரர்களின் புத்தகங்களே கெட்டவை என்று நான் சொல்லவில்லை. அபினவ் பிந்த்ராவின் 'எ ஷாட் அட் ஹிஸ்டரி' (2011) படியுங்கள். வீட்டிலேயே சுடுதளம் கட்டித் தந்த அப்பா இருந்தார் என்பதை அவர் மறைப்பதில்லை. தங்கம் வாங்கிய பிறகு வந்த வெறுமையைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர் அவர். ஆனந்தின் 'மைண்ட் மாஸ்டர்' (2019) படியுங்கள். செஸ் சொல்லிக்கொடுத்தது அம்மா சுசீலா. சென்னையில் சோவியத் கலாசார மையத்தில் தால் செஸ் கிளப் இருந்தது. அப்பாவுக்கு மணிலாவில் வேலை கிடைத்துக் குடும்பம் அங்கே போனபோது, அந்த ஊர் செஸ் ஜுரத்தில் இருந்தது. அம்மாவின் நேரம், ஒரு கிளப், ஒரு ஊர், ஒரு அதிர்ஷ்டம் எல்லாம் அதில் இருக்கிறது. நாம்தான் அதையெல்லாம் தாண்டிக் குதித்து "பாடம்" எங்கே என்று தேடுகிறோம். 2024 டிசம்பரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆன மறு வாரம், எங்கள் பக்கத்தில் செஸ் கிளாஸ் சேர்க்கைக்கு வரிசை. ஒரு குகேஷுக்குப் புத்தகம் வரும். அதே பாதையில் படிப்பை விட்டுப் போய் நடுவில் நின்ற பிள்ளைகளைப் பற்றி யார் புத்தகம் போடுவார்கள்?

அம்மாக்கள் தலையில்

குடும்பப் புத்தகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். அப்பா பல்வந்த் சௌக் புத்தகக் கடைகளில் கர்ப்பிணிகளுக்கான புத்தகங்கள் அடுக்கடுக்காக இருக்கும். இந்தப் பாட்டைக் கேள், இதை நினை, இதை நினைக்காதே, குழந்தை அறிவாளியாகப் பிறக்கும். குழந்தை கொஞ்சம் மெதுவாகப் பேச ஆரம்பித்தால்? அம்மா சரியாக நினைக்கவில்லை!

மேல்நாட்டுச் சரக்கும் இதே கதைதான். மொசார்ட் இசை கேட்டால் குழந்தைக்கு மூளை வளரும் என்று சிடி விற்றார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதன் மூலம் 1993-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சின்ன ஆய்வு. 36 கல்லூரி மாணவர்கள். இசை கேட்டபின் ஒரு வகைப் புதிரில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலன் நீடித்தது பத்துப் பதினைந்து நிமிஷம். அதில் குழந்தையே கிடையாது! ஆனால் 1998-ல் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநில கவர்னர், பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசை கொடுக்க அரசுப் பணம் கேட்கும் அளவுக்குப் போய்விட்டது. ஏமி சுவாவின் 'டைகர் மதர்' (2011) இன்னொன்று. கண்டிப்பாக வளர்க்க வேண்டும் என்பதற்கு நம்ம ஆட்கள் அதைச் சாட்சிக்கு இழுப்பார்கள். அந்தக் கதையில் இரண்டாவது மகள் எதிர்த்து நின்று, வயலினை ஓரம் கட்டிவிட்டு டென்னிஸ் ஆடப் போவதை மட்டும் யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை.

ஒரு பெண், புது ஊரில், பாஷை தெரியாமல், காலையிலிருந்து ராத்திரி வரை ஒரு கைக்குழந்தையோடு தனியாக இருக்கிறாள். அவளுக்குத் தேவை ஒரு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொள்ள ஒரு கை. நாம் பிறந்தநாளுக்குப் புத்தகம் பரிசு கொடுக்கிறோம். "மகிழ்ச்சியான தாயாக இருப்பது எப்படி?" என்று! அதைப் படிக்கவும் அவளுக்கு நேரம் இல்லை என்ற குற்ற உணர்ச்சி இலவச இணைப்பு.

அப்போ புத்தகமே வேண்டாமா?

வேண்டும் சாமி. வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள், அவ்வளவுதான்.

ஒன்று: எத்தனை நாளில் ஆகும் என்று சொல்கிறது? முன்னூறு வாரம் என்றால் நம்பலாம். முப்பது நாள் என்றால் திரும்ப வைத்துவிடுங்கள்.

இரண்டு: அந்தப் புத்தகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அம்மா, அண்ணன், வாத்தியார், பக்கத்து வீட்டுக்காரர், வேலை கொடுத்த கம்பெனி எல்லாரும் இருக்கிறார்களா, இல்லை ஹீரோ ஒருத்தர் மட்டும்தானா?

மூன்று: முடியாமல் போனால் என்ன சொல்கிறது? நாற்காலியைக் கொண்டுவந்து போடுகிறதா, இல்லை உன் மனசு சரியில்லை என்கிறதா?

இந்த மூன்றையும் தாண்டி வரும் புத்தகம் நல்ல புத்தகம். எத்தனை வேண்டுமானாலும் வாங்குங்கள், என்னிடமும் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் சொசைட்டியில் "இங்கே பந்து விளையாடக் கூடாது" என்று போர்டு இருக்கிறது. கார் கண்ணாடி உடைகிறதாம். குழந்தைகளுக்கென்று விட்ட இடத்தில் பாதி விருந்தாளிகள் பார்க்கிங் ஆகிவிட்டது. பாலேவாடி ஸ்டேடியம் இங்கிருந்து கூப்பிடு தூரம். 1994 தேசிய விளையாட்டுக்காகக் கட்டியது. அதன் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, பிள்ளைகளைப் பந்தைத் தொட விடாமல், விளையாட்டு வீரர்களின் வாழ்க்கைக் கதையைத் தூங்கும்முன் படித்துக் காட்டுகிறோம். இதை விடக் கூத்து உண்டா?

அடுத்த சொசைட்டி மீட்டிங்கில் நான் அந்த போர்டை எடுக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். சாயங்காலம் அஞ்சிலிருந்து ஏழு வரை பார்க்கிங்கைக் காலி செய்து பிள்ளைகளிடம் விடச் சொல்லியும் கேட்கப் போகிறேன். கோச் வேண்டாம், எக்ஸெல் வேண்டாம். நீங்களும் உங்கள் இடத்தில் கேளுங்கள். ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்தால் எல்லாரும் சேர்ந்து போட்டுக்கொள்ளலாம். 399 ரூபாய் புத்தகம் நாலு வாங்குகிற காசு.

டிஸ்கி: "நீ படித்துவிட்டுத்தானே இவ்வளவு பேசுகிறாய்?" என்று தங்கமணி கேட்கிறார். ஆமாம், எல்லாம் படித்ததுதான். ஹிஞ்சவாடி டிராபிக்குக்கு நன்றி :-)